நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே

அந்த எட்டு மாடிக் கட்டடத்தின் லிப்ட், பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் மாலை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவே நின்றுவிடும். உள்ளே இருப்பவர் வேதாகமத்திலிருந்து ஒரு கதையை முழுதாகச் சொல்லி முடித்தால்தான் மறுபடி நகரும். இது ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள்தான் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள் என்பதால் கட்டடத்தில் எல்லோருக்கும் அந்த நாள் நினைவிருக்கிறது. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஏழாவது மாடித் தாத்தா, அவருடைய மகள் வயிற்றுப் பேத்திகள் இருவர். பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவளுக்கு ஆறு. தாத்தா முப்பத்திரண்டு வருஷம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த லிப்ட் எதனால் நின்றது என்று காதை வைத்தே சொல்லிவிடுவார். அன்று காதை வைத்துப் பார்த்தார். எதுவும் கெடவில்லை. மின்விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, மேலே மோட்டார் நல்ல பிள்ளையாகச் சும்மா இருந்தது. சின்னவள் அழ ஆரம்பித்தாள். அவளைச் சமாதானப்படுத்த, மீன் வயிற்றுக்குள் மூன்று நாள் இருந்த மனிதனின் கதையைத் தாத்தா சொன்னார். மீன் அந்த மனிதனைக் கரையில் கக்கியதும் லிப்ட் ஒரு குலுக்குக் குலுங்கி மேலே போனது.

அவர் பேத்திகளிடம் வேதத்தைப் பற்றிப் பேசியது ஒன்றரை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. பேசக்கூடாது என்பது மகளின் உத்தரவு. மகள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். அவள் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டினார். அவருக்கு ரத்தத்தில் நோய் வந்தபோது அவருடைய ரத்தம் இருந்த சோதனைக் குழாய்களை மிஷினில் வைத்துச் சுற்றியதும், தாளில் வந்த எண்களை முதலில் படித்ததும் அவள்தான். எண்கள் ஒவ்வொரு வாரமும் இறங்கின. தாத்தாவோ வேதத்தைத் திறந்து, கண்ணை மூடி, விரலை வைத்து ஒரு வசனம் எடுத்தார். சாகாமல் பிழைத்திருப்பாய் என்ற பொருளில் இருந்தது அது. அதைப் பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டினார். மருமகனுக்கு ஆண்டவர் கொடுத்த வாக்கு என்று வந்தவர் போனவரிடம் எல்லாம் சொன்னார். மகள் தன் கையால் எடுத்த எண்களை விட்டுவிட்டு அந்த அட்டையை நம்பினாள். அட்டை ஒட்டிய நாற்பத்தோராம் நாள் கணவர் இறந்தார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மகள் அந்த அட்டையை நான்காகக் கிழித்தாள். வேதப் புத்தகத்தை ஒரு பழைய தலையணை உறையில் போட்டுக் கட்டி அலமாரிக்கு மேல் தூக்கி வைத்தாள். "இந்த வீட்டுக்குள்ள இனிமே அந்தப் பேச்சே கூடாதுப்பா. எனக்கு நடந்தது போதும். என் பிள்ளைங்களையும் ஏமாத்தாதீங்க" என்றாள். தாத்தா தலையாட்டினார். கொடுத்த வாக்கை அவர் எழுத்துப் பிசகாமல் காப்பாற்றினார் என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். சாப்பிடும் முன் கண்ணைக்கூட மூடமாட்டார். தும்மினால் வாயில் "ஆண்டவரே" வந்துவிடும் என்று, தும்மல் வரும்போதெல்லாம் வாசலைத் தாண்டி வராந்தாவுக்கு ஓடுவார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடிய நாட்களும் உண்டு. ஆனாலும் அந்த மனிதருக்கு உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தது. தன் அப்பா தனக்குக் கொடுத்ததைத் தன்னோடு குழிக்குள் கொண்டுபோய்ப் போட வேண்டியதுதானா என்று நினைத்து நினைத்து ஆள் பாதியாகிவிட்டார்.

அதனால் புதன்கிழமையும் லிப்ட் அதே இடத்தில் நின்றபோது அவர் அதிகம் யோசிக்கவில்லை. வீட்டுக்குள் கூடாது என்றுதானே மகள் சொன்னாள்? லிப்ட் வீட்டில் சேர்த்தியா? சிங்கங்களோடு ஒரு ராத்திரி இருந்தவரின் கதையைச் சொன்னார். வியாழக்கிழமை பேழை கட்டிய கிழவரின் கதை. தண்ணீர் வடிந்து வானவில் வந்த பிறகும் லிப்ட் நகரவில்லை. பேத்திகள் தாத்தாவைப் பார்த்தார்கள். தாத்தா லிப்டின் கூரையைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்புறம் அவர் தோட்டம் போட்டு, திராட்சை ரசம் குடிச்சு, போதையில துணி இல்லாமப் படுத்துட்டார்" என்றார். லிப்ட் கிளம்பியது. எதையும் மறைத்துச் சொன்னால் அது நகராது என்று அவருக்கு அன்று தெரிந்தது. அதன்பின் அவர் எதையும் விடவில்லை. சேவல் கூவும் முன் மூன்று தடவை பொய் சொன்ன சீஷனைப் பற்றியும் சொன்னார், அடுத்தவன் பெண்டாட்டியை எடுத்துக்கொண்ட ராஜாவைப் பற்றியும், ஒன்பது வயதுக்குத் தக்கபடி, வியர்க்க வியர்க்கச் சொன்னார். "இவங்க எல்லாம் நல்லவங்கன்னு சொன்னீங்களே தாத்தா" என்று பெரியவள் கேட்டபோது, "நான் தப்பாச் சொல்லிட்டேன்மா" என்றார்.

லிப்ட் கம்பெனியிலிருந்து இரண்டு தடவை ஆள் வந்தார்கள். மணல் மூட்டைகளை ஏற்றி மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒரு வாரம் கத்தினார், பிறகு அவரும் நான்கு மணிக்கு முன்பே வீடு திரும்பப் பழகிக்கொண்டார். காய்கறி வாங்கப் போகிறவர்கள் நான்கு பத்துக்கு முன் இறங்கினார்கள், அல்லது நான்கு இருபத்தைந்துக்குப் பின். ஆறாவது மாடித் தையல்காரம்மா ஐந்தாவது மாடியில் மூடிய லிப்ட் கதவுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து பித்தான் தைத்தபடி கேட்பார். மூன்றாவது மாடிக் கணக்கு வாத்தியாருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. இருந்தும் அவர் நான்காவது மாடிப் படியில் நின்று, ஐந்து அப்பம் ஐயாயிரம் பேருக்கு எப்படிப் போதும் என்று கீழேயிருந்து சத்தமாகக் கேட்பார். "எனக்கும் தெரியல சார், மிச்சம் பன்னிரண்டு கூடை" என்று மேலேயிருந்து பதில் வரும். அடுத்த வீட்டுச் சங்கதி என்றால் சோற்றை விட்டு எழுந்து வருகிற ஜனங்கள்தான் அவர்கள். ஆனாலும் மூன்று மாதம் ஒருவர்கூட மகளிடம் வாய் திறக்கவில்லை. சொன்னால் கதை நின்றுபோகும் என்ற சுயநலம்தான் காரணம், வேறென்ன.

சின்னவள்தான் போட்டு உடைத்தாள். ஒரு நாள் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்று, "மூணு நாளும் உள்ள இருந்தாரே, அவர் பல் தேய்ச்சாரா?" என்று கேட்டுவிட்டாள். மகள் கையைக் கழுவாமலே அப்பாவின் அறைக்கு வந்தாள்.

"வீட்டுக்குள்ள ஒரு வார்த்தை பேசலம்மா" என்றார் தாத்தா.

"என்கிட்டயே சட்டம் பேசறீங்களாப்பா? வர்ற சனிக்கிழமை அண்ணன் வீட்டுக்குக் கிளம்புங்க. அங்க போய் யாருக்கு வேணும்னாலும் கதை சொல்லுங்க."

அண்ணன் வீடு ரயிலில் ஒன்பது மணி நேரத் தொலைவு. அங்கே பேரப்பிள்ளைகள் கிடையாது. தாத்தா கெஞ்சவில்லை. இரண்டு நாள் அவரும் பேசவில்லை, மகளும் பேசவில்லை, பேத்திகள் மட்டும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். அந்த இரண்டு நாளும் மகள் பிள்ளைகளை ஏழு மாடியும் படியிலேயே ஏற்றிக் கூட்டிவந்தாள். லிப்ட் எங்கும் நிற்காமல் ஓடியது, தையல்காரம்மா முக்காலியை உள்ளே எடுத்துவைத்தார்.

சனிக்கிழமை மதியம் தகரப் பெட்டியோடு நான்கு பேரும் லிப்டில் ஏறினார்கள். கனத்த பெட்டி என்பதால் அன்று மட்டும் படி வேண்டாம் என்று மகள் விட்டுக்கொடுத்தாள். லிப்ட் ஏழிலிருந்து இறங்கி, ஐந்தைத் தாண்டி, நான்கு வருவதற்குள் நின்றது. மகள் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தாள். கதவை உதைத்தாள். கடைசியில், "சரி, சொல்லித் தொலைங்க. சீக்கிரம் முடிங்க, ரயில் போயிடும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். செத்துப்போன பெண்குழந்தை எழுந்து சாப்பிட்ட கதையைத் தாத்தா சொன்னார். லிப்ட் அசையவில்லை. நாலு நாள் கல்லறையில் கிடந்தவன் வெளியே வந்ததைச் சொன்னார். அசையவில்லை. விதவையின் மகன் பாடையிலிருந்து எழுந்ததைச் சொன்னார். அதற்கும் அசையவில்லை. பெரியவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் எழுந்திருக்கிறாங்க. எங்க அப்பா மட்டும் ஏன் எழுந்திருக்கல?"

தாத்தா பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். "எனக்குத் தெரியாதும்மா. ஆனா ஒண்ணு தெரியும். அந்த வசனத்தை ஆண்டவர் உங்க அப்பாவுக்குக் கொடுக்கல. நான்தான் கொடுத்தேன். எனக்குப் பயம். பயத்துல அவர் பேர்ல நான் கையெழுத்துப் போட்டுட்டேன்." இதைச் சொல்லி அவர் அழுதார். அப்போதும் லிப்ட் நகரவில்லை. விளக்கு மட்டும் ஒரு தடவை மங்கி மறுபடி எரிந்தது.

மகள் திரும்பினாள். ஒன்றே முக்கால் வருஷத்துக் கோபமும் அவள் முகத்தில் இருந்தது. ஆனால் அவள் பார்த்தது அப்பாவை அல்ல, லிப்டின் கூரையை. "நான் சொல்றேன்" என்று ஆரம்பித்தாள். "ஒருத்தன் ஆத்தங்கரையில தனியா இருந்தான். யாரோ வந்து அவனைப் பிடிச்சாங்க. விடியிற வரைக்கும் கட்டிப் புரண்டு சண்டை. யாருன்னு தெரியாது, எதுக்குன்னு தெரியாது. என்னை ஆசீர்வதிக்காம உன்னை விடமாட்டேன்னான். கிடைச்சுது. ஆனா இடுப்பும் போச்சு. அதுக்கப்புறம் நொண்டி நொண்டித்தான் நடந்தான். சின்ன வயசுல உங்க தாத்தா எனக்கு இதைச் சொல்லும்போது நொண்டினதை மட்டும் விட்டுட்டார். நானாப் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன்." மூச்சு வாங்கினாள். "உங்க அப்பா கடைசி வாரம் உங்க ரெண்டு பேரைப் பத்தி என்னவோ சொல்ல வந்தார். அதெல்லாம் பேசாதீங்க, நீங்க சாகமாட்டீங்கன்னு நான் வாயை மூடிட்டேன். என்ன சொல்ல வந்தார்னு இனிமே யாருக்கும் தெரியாது. அதுக்குத்தான் நான் ஆண்டவரோட சண்டை போடறேன். தினமும் போடறேன், மிஷின் சுத்தும்போது, பஸ்ல நிக்கும்போது, பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போடறேன். இல்லாத ஆளோட யாரும் சண்டை போடமாட்டாங்க."

லிப்ட் இறங்கத் தொடங்கியது.

தரைத்தளத்தில் கதவு திறந்தபோது ரயில் போயிருந்தது. போகாமல் இருந்தாலும் அவள் பெட்டியை இறக்கியிருக்க மாட்டாள் என்றே தோன்றுகிறது. அவள் மறுபடி ஏழாம் எண்ணை அழுத்தினாள். லிப்ட் நான்கைத் தாண்டி, ஐந்தைத் தாண்டி, எங்கும் நிற்காமல் போய் ஏழில் கதவைத் திறந்தது. யாரும் இறங்கவில்லை.

"ஏன் நிக்கல?"

"முடிஞ்சுது போலம்மா" என்றார் தாத்தா.

"யாருக்கு முடிஞ்சுது? நான் இப்பத்தான் வாயைத் திறந்திருக்கேன்."

கீழே ஓட்டினாள், நிற்கவில்லை. மறுபடி மேலே ஓட்டினாள். நான்கு என்ற எண் அணைந்ததும், பொத்தான் வரிசைக்கு அடியில், லிப்டை நிறுத்துவதற்கென்று இருந்த சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி அடித்தாள். லிப்ட் நின்றது. அந்தப் பொத்தானுக்குப் பின்னால் கம்பியே கிடையாது. கட்டடத்துப் பிள்ளைகள் அழுத்தி விளையாடுகிறார்கள் என்று எட்டு வருஷத்துக்கு முன் தாத்தாவே அதைக் கழற்றிப் போட்டிருந்தார். அவர் எழுந்து, மகள் உட்காரப் பெட்டியைத் தள்ளி வைத்தார். அவள் உட்கார்ந்து சின்னவளை மடியில் இழுத்துக்கொண்டாள். "ஒரு விதவை இருந்தா. நியாயம் கேட்டு ஜட்ஜ் வீட்டுக் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தா" என்று ஆரம்பித்தாள். நான்காவது மாடிப் படியில் ஏறிக்கொண்டிருந்த கணக்கு வாத்தியார், இன்று சனிக்கிழமையாயிற்றே என்றுகூடக் கேட்காமல், பையைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார்.