கயிறு பிடித்தவன் கழுத்தில் இரண்டு உத்தரியம்

ஒரு படம் பிடிக்கவில்லை என்றால் மற்ற ஊர்க்காரர்கள் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். முத்தையாபுரத்தில் ஜெமியின் பிளக்ஸ் கடையில் ஞாயிறு மத்தியானம் கூடுகிற கூட்டத்துக்கு அது போதாது. படத்தைச் சுவரில் ஒட்டி, டியூப்லைட்டைப் போட்டு, தோலை உரித்துத் தொங்கவிட்டால்தான் அவர்களுக்குச் சாப்பிட்டது செரிக்கும்.

அவர்கள் 'ஆழிக் குடியரசு' என்ற இணையத் தொடரின் ரசிகர்கள். அந்தத் தொடரில் ஒல்லாந்தர் தூத்துக்குடியைப் பிடிக்கவே இல்லை. முத்துக்குளிக்கிறவர்கள் அந்தக் காலத்திலேயே கடலடிக் கப்பல் கட்டி, வந்த பறங்கிகளை எல்லாம் துரத்திவிட்டு, இன்றைக்கு வரைக்கும் தனி அரசு நடத்துகிறார்கள். தொடரை ஒட்டி நாவல்களும் வருகின்றன. இரண்டு வந்துவிட்டன. மூன்றாவதின் அட்டைப்படம் அன்று காலையில்தான் வெளியாகியிருந்தது. ஜெமி அதை ஆளுயரத்துக்கு அடித்து, ஒரு காதணி விழாவுக்கும் ஒரு கண்ணீர் அஞ்சலிக்கும் நடுவில் ஒட்டியிருந்தான்.

படத்தில் நாயகன் கொர்னேல் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறான். கடலடிக் கப்பல் பழுதாகிவிட்டதால் பழைய முறையிலேயே முங்க வேண்டிய கட்டம். மேலே வள்ளத்தில் அவன் மனைவியின் தம்பி மிக்கேல் கயிற்றைப் பிடித்து நிற்கிறான். நாவலில் வரப்போகிற இந்தக் காட்சியைப் பதிப்பகம் முன்பே சொல்லியிருந்தது.

கடைசி பெஞ்சில் கிளைட்டன் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தான். படத்தை வரைந்தவன் அவன்தான். கடைக்குள் அது வேறு யாருக்கும் தெரியாது.

"நல்லா பாருங்க. மிக்கேல் கழுத்துல ரெண்டு உத்தரியம்!" என்றாள் விஜிலா. சாகுபுரம் ஆலையில் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறவள். எதையும் உற்றுப் பார்த்துத்தான் அவளுக்குப் பழக்கம். "மாதா படம் தச்ச துணி, கயித்துல கோத்து ஒண்ணு போடுவோம். ரெண்டு யாரு போடுவா? கொர்னேல் கழுத்துல ஒண்ணுமே இல்ல. இது மனுசன் வரஞ்சதில்ல, ஏஐ போட்டது. அதுக்கு விரலும் எண்ணத் தெரியாது, உத்தரியமும் எண்ணத் தெரியாது."

கூட்டம் ஆமாம் போட்டது. கிளைட்டனின் அப்பா சங்கு குளிக்கப் போனவர். கடலில் இறங்குமுன் கழுத்தில் கிடக்கும் உத்தரியத்தைக் கழற்றி, கயிறு பிடிக்கிற மாமா கழுத்தில் போட்டுவிட்டுத்தான் முங்குவார். அம்மாவின் தம்பி அவர். அக்காள் தாலிக்குப் பயந்தாவது கயிற்றை விடமாட்டான் என்றுதான் மச்சினனைக் கயிறு பிடிக்க வைப்பார்கள். அது கரை முழுக்கத் தெரிந்த சங்கதி. உத்தரியத்தைக் கழற்றிப் போடுவதும் அப்படித்தான் என்று கிளைட்டன் நம்பிக்கொண்டிருந்தான். அது தன் வீட்டில் மட்டும் உள்ள பழக்கம் என்பது இந்த வயதில், இந்தக் கடையில்தான் அவனுக்குத் தெரிந்தது.

போன் அதிர்ந்தது. பதிப்பகத்துப் பெண். 'எல்லாரும் ஏஐ என்கிறார்கள். உங்கள் ஊர்க் குழுவும் எழுதிவிட்டால் அட்டையை மாற்றிவிடுவோம், நாளை அச்சு. நீங்களே வெளியே வந்து சொன்னால் பிரச்சினை இல்லை.'

சொல்லலாம். ஒரு வாய்ச்சொல். ஆனால் முதல் இரண்டு அட்டைகளையும் வரைந்தவன் ஷாம். கிளைட்டனின் தங்கை பிளாரன்ஸைக் கட்டியவன். நாசரேத்துக்காரன், ஏரலில் ஓவிய வாத்தியார். ரசிகர் குழுவில் கிளைட்டன் சும்மா போட்டுவைத்த படங்களைப் பார்த்துப் பதிப்பகம் மூன்றாவது அட்டையை அவனிடம் கேட்டது. ஒத்துக்கொண்டவன் ஒரு நிபந்தனை வைத்தான். புத்தகம் வரும்வரை பெயர் வெளியே தெரியக்கூடாது. ஷாமிடம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக என்று அவன் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"பதிப்பகத்துக்கு எழுதுத கடுதாசியில முதக் கையெழுத்து ஷாம் சார்தான் போடணும். அவர் பேரு இருந்தாத்தான் கடுதாசிக்கு மதிப்பு" என்றாள் விஜிலா.

வாசலில் பைக் சத்தம் கேட்டது. ஷாம் ஹெல்மெட்டும் கையுமாக உள்ளே வந்தான். வந்தவன் நேரே ஜெமியிடம் போய் ஒரு பென்டிரைவைக் கொடுத்தான்.

"மூணாவதுக்குன்னு நான் வரஞ்சு வச்சிருந்தேம்லா, அதுதான். அவங்க எடுக்கலேன்னாலும் நம்ம ஆளுகளாவது பாக்கட்டும். பெருசா அடி, ஜெமி."

ஜெமி அதைச் சொருகினான். மெஷின் முனகத் தொடங்கியது. ஷாம் வந்து கிளைட்டன் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தான். "என்ன மச்சான், டீ அப்படியே கெடக்கு?"

"சூடு மாப்ள" என்றான் கிளைட்டன். டீயில் ஆடை படிந்திருந்தது.

விஜிலா கடுதாசியை வாசித்தாள். இயந்திரம் செய்த படத்தைத் தூக்கிவிட்டு ஷாம் சாரின் படத்தையே போடவேண்டும் என்பது கடைசி வரி. எல்லாரும் கை தட்டினார்கள். ஷாமின் காது சிவந்துவிட்டது, பாவம். பேனாவை வாங்கிக்கொண்டவன், "ஒருக்கா படத்தக் கிட்ட போய்ப் பாத்துட்டுப் போடுதேன். போன்ல சரியாத் தெரியல" என்று எழுந்தான்.

கிளைட்டன் மனசுக்குள் கணக்குப் போட்டான். ஷாம் கையெழுத்துப் போட்டால் படம் போய்விடும். பதிப்பகம் இனி கூப்பிடாது. ஆனால் வீட்டில் எல்லாம் பழையபடி இருக்கும். ஒரு நிமிஷம் அவன் மனசு அதற்கும் சரி என்றுதான் சொன்னது. அடுத்த நிமிஷமே அந்த மனசின் மேல் அவனுக்கு அருவருப்பு வந்தது. ராத்திரி ராத்திரியாக வரைந்த படம் அது, அதில் இருப்பது அவன் அப்பா.

ஷாம் சுவரோரம் நின்றான். கடலைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். மிக்கேலின் கழுத்துக்கு வந்ததும் தலை அசையாமல் நின்றது. விரலை வைத்து ஒரு உத்தரியத்தைத் தொட்டான், பிறகு அடுத்ததை. கிளைட்டன் வீட்டு நடையில் மாமாவும் அப்பாவும் வள்ளத்தில் நிற்கிற போட்டோ ஒன்று மாட்டியிருக்கிறது. கல்யாணமான புதிதில் பிளாரன்ஸ் ஷாமை அதன் முன்னால் நிறுத்திக் கதை கதையாகச் சொல்லியிருக்கிறாள்.

ஷாம் திரும்பினான். வேறு யாரையும் பார்க்கவில்லை, கடைசி பெஞ்சைத்தான் பார்த்தான். கிளைட்டன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன சார், போடுங்க" என்றாள் விஜிலா.

ஷாம் பேனாவை மூடினான்.

"இது ஏஐ இல்ல."

"சார், ரெண்டு உத்தரியம்..."

"ரெண்டுதான் சரி. முங்குதவன் தன்னோடத கழத்தி மச்சினன் கழுத்துல போட்டுட்டுத்தான் எறங்குவான். எறங்குதவன் கழுத்துல அதான் ஒண்ணும் இல்ல. மேல வந்தப்புறம் வாங்கிப் போட்டுக்கிடுவான்."

"அப்படி எங்கன உள்ள வழக்கம்? எங்க வீட்டுல எல்லாம் கெடையாது."

"ஒரு வீட்டுல உண்டு" என்றான் ஷாம். "கை வரஞ்ச படம் இது. நல்ல கை. நான் வரஞ்ச ரெண்டையும் விட நல்ல கை. கடுதாசியக் கிழிச்சிருங்க."

"அப்போ யாரு சார் வரஞ்சது?"

"வரஞ்சவனுக்கு வாய் இருக்கும்லா."

கடையே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. கிளைட்டன் எழுந்தான். எழுந்த வேகத்தில் டீ கவிழ்ந்து பேண்ட் எல்லாம் நனைந்தது.

"நான்தான்" என்றான்.

கூட்டம் ஓவென்று கத்தியது. கொஞ்சம் முன்னால் இயந்திரம் என்று திட்டிய அதே வாய்கள்தான். யாரோ முதுகில் தட்டினார்கள். விஜிலா, "அண்ணே, வாயில என்ன கொழுக்கட்டையா? முன்னாடியே சொல்ல வேண்டியதுதான?" என்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கிளைட்டன் அவர்களை விலக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஷாம் பைக்கில் உட்கார்ந்து ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டிருந்தான். வார் மாட்டவில்லை.

"மாப்ள, நான் சொல்லணும்னுதான்..."

"படத்தப் பத்தி நான் ஒண்ணும் கேக்கல மச்சான். அவங்க ஒன்னக் கூப்பிட்டாங்க, நீ வரஞ்ச. அதுல தப்பில்ல." ஷாம் சாலையைப் பார்த்துக்கொண்டு பேசினான். "பனிமய மாதா திருவிழாவுல ஒன் பக்கத்துல நின்னுக்கிட்டு, இன்னும் அவங்க கூப்பிடலியேன்னு அழாத கொறையாச் சொன்னேன். நீ ஒண்ணும் பேசாம போயி எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்த. அது எதுக்கு மச்சான்?"

வேறு எதைக் கேட்டிருந்தாலும் கிளைட்டன் ஏதாவது ஒன்று சொல்லியிருப்பான். பைக் கிளம்பி, துறைமுகத்துக்குப் போகிற லாரிகளுக்கு நடுவில் நுழைந்து மறைந்தது.

"கிளைட்டன் அண்ணே! இங்கன வாங்க!" உள்ளேயிருந்து ஜெமி கத்தினான்.

கிளைட்டன் உள்ளே போனபோது ஷாமின் படம் மெஷினிலிருந்து தலைகீழாக, கால் முதலில், அங்குலம் அங்குலமாக வந்துகொண்டிருந்தது. வள்ளத்தின் பலகை வந்தது. அதில் ஊன்றிய இரண்டு பாதங்கள். பிறகு கயிறு, அதை இறுக்கிப் பிடித்த கைகள். கூட்டம் இப்போது பேச்சை நிறுத்திவிட்டு மெஷினைச் சுற்றி நின்றது. நெஞ்சு வந்தது. அதில் மாதா படம் தைத்த துணி ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று.

"ஐயோ, இவரும் ரெண்டு போட்டிருக்காரு" என்றாள் விஜிலா மெதுவாக.

பிறகு தாடை வந்தது. இடது கன்னத்தில், சின்ன வயதில் மதிலில் விழுந்து கீறிய தழும்பு. மூக்கு, கண். தன் ஆளைக் கீழே விட்டுவிட்டுத் தண்ணீரையே பார்த்து நிற்கிற முகம். ஜெமி பிளக்ஸைத் தூக்கி நேராகத் திருப்பிப் பிடித்தான். படத்தையும் பார்த்தான், ஆளையும் பார்த்தான்.

"அண்ணே, இது நீங்கல்லா?"

கிளைட்டன் தன் கன்னத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மை காயவில்லை, தொடாதீர்கள் என்று ஜெமி எல்லாரையும் தள்ளி நிறுத்திக்கொண்டிருந்தான்.