பரீட்சை எழுதாத சுபைதா

முழுப்பரீட்சையின் முதல் நாள் சுபைதாவின் கழுத்தில் அம்மைக் கொப்புளங்கள் தெரிந்தன. தலைமையாசிரியர் அய்யாத்துரை அவளைப் பள்ளி வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அது சரிதான், உள்ளே மற்ற பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் மே மாதம் ஒட்டிய தேர்ச்சிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை.

எட்டாம் வகுப்பு ஆசிரியை சுகிர்தம் தலைமையாசிரியர் அறைக்குப் போனாள்.

"சுபைதா பேரு எங்க சார்?"

"பரீட்சையே எழுதலையேம்மா. எப்படிப் பாஸ் போடுறது?"

"வராதேன்னு அனுப்புனது நாமதான சார். வருஷம் பூரா வாராவாரம் சோதனை எழுதியிருக்கா. வாய்க்கால்ல வேப்பிலையப் போட்டு, தண்ணி எம்புட்டு வேகமாப் போகுதுன்னு அளந்து காட்டுனா. எல்லாத்துக்கும் மார்க் போட்டிருக்கேன்."

"அதெல்லாம் நீங்களா வச்சுக்கிட்டது. ஸ்கூல் கமிட்டிக்கு முழுப்பரீட்சைதான் கணக்கு."

"மூணு மணி நேரத்த நம்புவீக, பத்து மாசத்த நம்ப மாட்டீகளா?"

அவர் ஃபைலைத் திறந்தார்.

அன்று மாலை சுபைதாவின் அம்மா லத்திபா மகளோடு சுகிர்தத்தின் வீட்டுக்கு வந்தாள்.

"பெயிலாயிட்டா வீட்டுல இருக்கட்டும்னு அவுக அத்தா சொல்லிட்டாக டீச்சர்."

"நான் பெயிலாகல" என்றாள் சுபைதா. அவள் முகத்தில் தழும்புகள் இன்னும் மறையவில்லை. "ஸ்கூல் தொறந்ததும் ஒம்பதாம் வகுப்புலதான் போய் உக்காருவேன்."

சுகிர்தத்துக்கு உள்ளுக்குள் பயம்தான். அவள் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இருந்தும், "வா, நான் இருக்கேன்" என்றாள்.

ஜூன் மாதம் சுபைதா சொன்னபடியே ஒன்பதாம் வகுப்பு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். அய்யாத்துரை வந்தார்.

"எந்திரி. எட்டாம் வகுப்புக்குப் போ."

"மாட்டேன் சார்."

பக்கத்து அறையிலிருந்து சுகிர்தம் வந்து வாசலில் நின்றாள். அவளைப் பார்த்ததும் அவர் குரலைத் தாழ்த்தினார்.

"சரி, இவளுக்குத் தனியா ஒரு பரீட்சை வைக்கிறேன். எழுதட்டும்."

சுகிர்தம் ஒரு கணம் தடுமாறினாள். ஒத்துக்கொண்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். சுபைதாவோ மெதுவாகக் கேட்டாள்:

"அம்மை போட்டதுக்கு எனக்கு மட்டும் எதுக்கு சார் தனிப் பரீட்சை?"

"அவ எழுத வேண்டாம் சார்" என்றாள் சுகிர்தம். "என்னைக் கேளுங்க. பின்னக் கணக்குல இன்னும் தடுமாறுவா. இங்கிலீஷ்ல எழுத்துப்பிழை வரும். சயின்ஸ்ல யாருக்கும் சளைக்க மாட்டா. ஒம்பதாம் வகுப்புப் பாடம் அவளுக்குப் புரியும்."

"இத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீகளா? நாளைக்குக் கமிட்டி கேட்டா நீங்கதான் பொறுப்பு."

"பேப்பர் குடுங்க சார்."

அங்கேயே, பிள்ளைகள் பார்க்க, முதல் பெஞ்சில் குனிந்து எழுதிக் கொடுத்தாள். வாங்கிப் படித்த அய்யாத்துரை வருகைப் பதிவேட்டைத் திறந்து சுபைதாவின் பெயரைச் சேர்த்தார். அடுத்த நாள் அவள் அப்பா ரசூல் உத்தமபாளையம் கடைத்தெருவில் ஒன்பதாம் வகுப்புப் புத்தகங்கள் வாங்கினார்.

கமிட்டி கேட்காமல் விடவில்லை. மாதம் முடிவதற்குள் சுகிர்தத்தை ஒன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். பெரிய வகுப்புகளில் அவள் இனி தலையிடக் கூடாது என்றும் சொன்னார்கள்.

அவள் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். முதல் வாரமே ஒவ்வொரு குழந்தையும் எதுவரை எண்ணுகிறது, எந்த எழுத்தில் தடுமாறுகிறது என்று பார்த்து எழுதத் தொடங்கினாள். அய்யாத்துரை ஜன்னல் வழியே கேட்டார்:

"இங்கனயுமா டீச்சர்?"

"இங்கனயும்தான் சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்த குழந்தையைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.