பாதி போட்ட முடிச்சு

1

இந்தக் கதை எனக்குச் சிதம்பரத்தில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் கிடைத்தது. கடைக்காரன் மணவாளன். 2009-இல் செஞ்சிப் பக்கம் ஒரு பாறையில் அவன் நண்பன் அறிவுமதி ஏறியபோது கீழே கயிறு பிடித்தவன். அதுவரை அந்தப் பாறையில் யாரும் ஏறி முடித்ததில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: செங்குத்தான கருங்கல் வானத்தை... வேண்டாம். மாடிப்படி ஏறினாலே எனக்கு மூச்சு வாங்கும்.

2

(விதியைச் சொல்லிவிடுகிறேன். உச்சியில் மாட்டிக் கீழே ஒருவன் பிடித்திருக்கும் கயிறு, விழுந்தால் காப்பாற்ற மட்டும். நடுவில் ஒருமுறை அது உடம்பைத் தாங்கிவிட்டாலும் ஏறியது கணக்கில்லை. மறுபடி அடியிலிருந்து.)

அறிவுமதி உச்சியைத் தொட்டு இறங்கி வந்து கட்டிப்பிடித்தான். மணவாளன் சிரிக்கவில்லை.

"மச்சான், நடுவுல கயிறு இறுகிச்சுடா."

"நான் தொங்கவே இல்லடா."

"என் கையில தெரிஞ்சிதுடா."

வேறு யாரும் பார்க்கவில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். (இது என் வாக்கியமல்ல, மணவாளனுடையது. திரும்பத் திரும்பச் சொன்னான்.)

3

அறிவுமதி கோபத்தோடு மறுபடி கயிற்றை இடுப்பில் கட்டினான். வாய் சண்டை போட்டது, கை பாதி முடிச்சோடு நின்றுவிட்டது. முடிச்சைச் சரிபார்ப்பது கயிறு பிடிப்பவன் வேலை. மணவாளன் முகம் கொடுக்கப் பிடிக்காமல் திரும்பிக்கொண்டான்.

இம்முறை அறிவுமதி எங்கும் சறுக்கவில்லை. உச்சிக்குப் போய், கீழே இறக்கச் சொல்லிக் கயிற்றில் சாய்ந்தான். முடிச்சு உருவிக்கொண்டு... (இதை நான் முடிக்கப் போவதில்லை.)

இம்முறை நடுவில் கயிறு தாங்கியிருந்தால் முடிச்சு அங்கேயே உருவியிருக்கும். ஆக, அவன் விதிப்படி ஏறியிருக்கிறான். இது பிடிபட்டபோது எழுத்தாளனாகச் சந்தோஷப்பட்டேன். கேவலமான சந்தோஷம்.

4

கீரப்பாளையத்தில் அறிவுமதியின் அம்மா இருசம்மாளுக்குப் படித்துக் காட்டினேன்.

"கதைதானே சார். கீழயே சறுக்கி வுழுந்துட்டான்னு எழுதிடுங்க. காலு ஒடிஞ்சா நான் பாத்துக்கறேன்."

எழுதினேன். ஓர் ஆள் உயரத்தில் கை நழுவி விழுகிறான். கால் முறிந்து, கத்திக்கொண்டு, உயிரோடு கிடக்கிறான். பாறையில் யாரும் ஏறவில்லை. அதையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். பிறகு மணவாளனிடம் கொடுத்தேன்.

"அவன் ஏறினான் சார். அவனுக்குன்னு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் புடுங்கிடாதீங்க."

5

இரண்டு பிரதிகளும் மேசையில் கிடக்கின்றன. ஒன்றைக் கிழித்தாக வேண்டும். மணவாளன் பக்கம்தான் நியாயம் என்று எழுதி, அடித்துவிட்டேன்.

நேற்று இருசம்மாள் போன் செய்தார்.

"கால் கட்டு எப்ப சார் பிரிப்பாங்க? அத எழுதிட்டீங்களா?"

இன்னும் இல்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். மறுபடி கூப்பிடுவார். நான் எடுக்க மாட்டேன். நம்பர் தருகிறேன், நீங்கள் பேசுங்கள்.