காரை விட்டுவிட்டுப் போக ஓர் இடம்

“உங்கட காணிக்குள்ள எத்தினை தென்னை நிக்குது?” என்று இவர் தொலைபேசியில் யாரையோ கேட்பது என் தையல் மெஷின் சத்தத்தையும் மீறிக் காதில் விழுந்தது. கால் தானாக நின்றுவிட்டது. காங்கேசன்துறைப் பக்கம் இருக்கிற, இவர் வாழ்நாளில் இரண்டு தரம்கூடப் பேசியிராத ஒரு மனிதரிடம்தான் இந்த விசாரணை. அந்த மனிதர், பாவம், ஏதோ கல்யாணப் பேச்சு என்று நினைத்திருக்கக்கூடும். மதில் இருக்கிறதா, கிணறு எந்தப் பக்கம், பக்கத்து வீட்டில் ஆடு வளர்க்கிறார்களா என்று எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, “இல்லை அண்ணை, தேங்காய் விழுந்தால் கார்க் கண்ணாடி போயிடும். அதுதான் யோசிக்கிறன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

கதை இதுதான். எங்கள் மகள் யதுர்ஷிகா வவுனியாவில் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். எங்கள் கல்யாண நாளுக்குப் பரிசு என்று சொல்லி, எங்கள் இரண்டு பேருக்கும் நாகப்பட்டினம் போகிற கப்பலில் இடம் பதிந்துவிட்டாள். ஒரு கிழமை நாகூர், வேளாங்கண்ணி, தஞ்சாவூர்ப் பெரிய கோயில் எல்லாம் பார்த்துவிட்டு அதே கப்பலில் திரும்பி வருவது. எங்கள் ஊர் தர்மபுரத்தில் இருந்து காங்கேசன்துறைத் துறைமுகம் வரைக்கும் எங்கள் காரில் போவது என்றும் தீர்மானமாயிற்று. போன அறுவடைக்குப் பிறகு வாங்கிய சின்ன வெள்ளைக் கார். வேறு யாரோ ஓடித் தேய்ந்த கார்தான் என்றாலும் இவருக்கு அது நேற்றுப் பிறந்த கன்றுக்குட்டி. துறைமுகத்துக்குள் நாட்கணக்காகக் காரை விட்டுப் போக விடமாட்டார்கள் என்று சந்தையில் யாரோ சொல்லிவைக்க, அன்று தொடங்கியது இந்த இடம் தேடும் படலம்.

எனக்கு இந்தப் பயணம் வேண்டும். ஆசை என்று சொன்னால் போதாது, வெறி என்றே சொல்லலாம். நான் போகாத இடமா? பாதி வன்னியை நடந்தே கண்டவள். ஆனால் நான் போன பயணம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு துரத்தல் இருந்தது. அது இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி, செத்த வீடு, கல்யாண வீடு. ஒரு காரியமும் இல்லாமல், சும்மா, கடலைப் பார்க்கவும் வேறொரு ஊரில் தோசை சாப்பிடவும் இவரோடு போய்வருகிற பயணம் என் ஆயுளில் ஒன்றாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். அதற்காக இரண்டு புதுச் சட்டைகள்கூடத் தைத்து வைத்திருந்தேன். ஊர்ப் பிள்ளைகளின் சட்டையெல்லாம் பின்னுக்குப் போய்விட்டது, வேறு கதை.

இவரோ ஒவ்வோர் இடமாகத் தட்டிக்கழித்துக்கொண்டு வந்தார். ஒரு வீட்டில் தென்னை, இன்னொன்றில் ஆடு. கோயிலுக்குப் பக்கத்து வளவில் விடலாம் என்றால், திருவிழாவுக்கு வெடி கொளுத்துவார்களாம். நண்பர் ஒருவரின் கடைக்குப் பின்பக்கம் நல்ல கொட்டகை இருந்தது. அங்கே முருங்கை நிற்கிறது, மயிர்க்கொட்டிப் புழு கொட்டும் என்றார். மயிர்க்கொட்டி காரைக் கடிக்குமா என்று கேட்டேன்.

அன்று பின்னேரம் இவர் மெல்லிய குரலில், “கப்பலை அடுத்த வருசம் பாப்பமே?” என்றதும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“உங்களுக்கு வர விருப்பமில்லையெண்டால் சொல்லுங்கோ. நான் தனியப் போறன். நீங்கள் காருக்குள்ள பாயை விரிச்சுப் படுத்துக் காவல் இருங்கோ.”

இவர் கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு என் முகத்தைப் பாராமல், “ட்ரக்டரையும் ரெண்டு நாளில வந்து எடுக்கலாம் எண்டுதானே விட்டனான், விமலா” என்றார்.

நானும்தான் அங்கே இருந்தேன். கடைசிச் சண்டைக் காலம். டீசல் முடிந்து, இனி நடைதான் என்றானபோது, ஒரு மருதமரத்தின் கீழ் ட்ரக்டரைத் தள்ளி நிறுத்தினோம். மகளை மட்கார்ட்டில் இருந்து இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, இவர் பனையோலை வெட்டி வந்து அதை மூடினார். திரும்பி வந்ததும் டீசலை ஊற்றி நேரே எடுத்துக்கொண்டு போகலாம் என்று, அந்த நிலையிலும் அதன் முகத்தை றோட்டுப் பக்கம் திருப்பித்தான் விட்டார். பிறகு மரமும் இல்லை, ட்ரக்டரும் இல்லை. அதற்குப் பின் எங்கள் வீட்டில் சைக்கிள் என்றாலும் மோட்டார் சைக்கிள் என்றாலும் வாசலைப் பார்த்தபடிதான் நிற்கும். இவர் மட்டுமா, எங்கள் பக்கத்தில் பாதி வீடுகளில் அப்படித்தான். எந்த நேரமும் எடுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. நான் அதை ஒரு பழக்கம் என்று நினைத்துப் பகிடி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனாலும் பயணத்தை விடுவதாக இல்லை. இரக்கம் வேறு, கப்பல் வேறு. இவர் குளிக்கப் போன நேரம் மாவிட்டபுரத்தில் இருக்கும் கௌசலா அக்காவுக்கு அழைப்பெடுத்தேன். இவருடைய பெரியம்மாவின் மகள். வாடகை வீடும் உறவுக்காரர் வீடுமாக எத்தனையோ வருடம் அலைந்து, ஆமி பிடித்து வைத்திருந்த காணி விடுபட்ட பிறகு அண்மையில்தான் சொந்த நிலத்தில் வீடு கட்டிக் குடிபுகுந்தவர். அவரிடம் இவர் ஏன் முதலிலேயே கேட்கவில்லை என்றால், அக்கா சமைத்துப் போடாமல் விடமாட்டார், அதற்குள் கப்பல் போய்விடும் என்பது இவருடைய வாதம்.

“ஊரெல்லாம் கேட்டுப்போட்டு இப்பதானோ என்ர நினைப்பு வந்தது?” என்று அக்கா எடுத்த எடுப்பிலேயே கோபித்துக்கொண்டார். “தென்னை ஒண்டும் இல்லை. எல்லாம் அழிஞ்சு போச்சுது. ஒரு வேம்புதான் நிக்குது. வேப்பம்பழம் விழுந்து கார் உடைஞ்சால் நான் வாங்கித் தாறன் எண்டு சொல்லு.”

பயண நாளன்று விடியவே வெளிக்கிட்டு, பரந்தன், ஆனையிறவு என்று ஓடி, வெயில் ஏறத் தொடங்கும்போது மாவிட்டபுரத்தில் நின்றோம். அக்காவின் வீட்டில் இன்னும் பெயின்ற் மணம் போகவில்லை. எங்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அவர் சொல்லிவைத்த ஓட்டோவும் வந்து நின்றது. ஓட்டோக்காரர் நல்ல கனத்த மனிதர். அவருக்கும் சேர்த்து இடியப்பம், சொதி, மாசிச் சம்பல், திருக்கைக் கறி என்று குசினி நிறைந்து கிடந்தது. “சாப்பிடாமல் என்ர வளவுக்குள்ள கார் விடேலாது” என்பது சட்டம். சாப்பிட்டோம். இவர் சொன்னதில் பாதி சரிதான். மணிக்கூட்டை நான் பார்க்கவே இல்லை, பார்த்தால் திருக்கைக் கறி இறங்காது.

காருக்கென்று அக்கா வேம்பின் கீழ் நிலத்தைக் கூட்டிப் பெருக்கி வைத்திருந்தார். குசினிப் பக்கம் முகம் வைத்து நேரே விட்டால் அளவான இடம். இவர் இறங்கிப் பார்த்தார். சுற்றிவந்தார்.

“றிவேசில விடுறன்” என்றார்.

“என்னத்துக்கு? நேர வந்தால் நேர நிப்பாட்ட வேண்டியதுதானே?” என்றார் ஓட்டோக்காரர். அவருக்குத் தெரியாது.

இவர் காரைத் திருப்பி, கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்தபடி மெல்ல மெல்ல எடுத்தார். வேம்புக்கு இந்தப் பக்கம், அக்கா வாழை வைப்பதற்காகக் கிடங்கு வெட்டிப் பசளை போட்டு மூடி, காலையில்தான் தண்ணீர் விட்டிருந்தார். மேலே பார்த்தால் சாதாரண நிலம். பின்சில்லு அதில் ஏறியதும் கார் ஒரு பெருமூச்சு விட்டுக் குந்திக்கொண்டது. இவர் பதறிப்போய் அழுத்த அழுத்த, சில்லு சுழன்று எருவையும் சேற்றையும் வாரி என் புதுச் சட்டையில் அடித்தது.

பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் வயிறு குலுங்கச் சிரிப்பு வரும், அந்த நேரம் எனக்கு அழுகைதான் வந்தது. ஓட்டோக்காரர் சாரத்தை மடித்துக் கட்டினார். றோட்டால் போன மீன்காரர் பெட்டியோடு மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். அக்கா சில்லுக்கடியில் வைக்கச் சாக்கும் பலகையும் கொண்டு வந்தார். நாங்கள் எல்லாரும் பின்னால் நின்று “ஏலேலோ” என்று தள்ள, மீன்காரரின் பெட்டியைப் பூனை ஒன்று திறந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மகளிடம் இருந்து அழைப்பு.

“அம்மா, உள்ள போயிட்டீங்களோ?”

“ஓம் பிள்ளை, வாசலிலதான் நிக்கிறம்” என்றேன். எந்த வாசல் என்று அவள் கேட்கவில்லை.

மூன்றாவது தள்ளலில் கார் பாய்ந்து வெளியே வந்தது. வந்த வேகத்தில் முற்றத்தில் ஓர் அரைவட்டம் அடித்து, வேம்பின் கீழே, அக்கா கூட்டி வைத்த அதே இடத்தில், குசினிச் சுவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. முகம் வீட்டுப் பக்கம். ஓட்டோக்காரர் கை தட்டினார். இவர் இறங்கினார், காரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

“ஒருக்காத் திருப்பிப் போட்டு வாறன்” என்றார்.

“அண்ணை, நேரம் கிடக்கோ? கப்பல் பாத்துக்கொண்டு நிக்காது” என்றார் ஓட்டோக்காரர்.

நான் சேற்றோடு போய் ஓட்டோவில் ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இவர் திருப்பினால் இந்தப் பயணம் இல்லை. அதைவிட, திருப்பித்தான் ஆகவேண்டும் என்று இவர் நினைத்தால், இனி எந்தப் பயணமும் இல்லை. இவரை அவசரப்படுத்தவும் மனம் வரவில்லை.

கௌசலா அக்கா சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு இவருக்குக் கிட்டப் போனார்.

“தம்பி, உனக்கு ஏன் கார் வாசலைப் பாத்து நிக்கவேணும் எண்டு எனக்குத் தெரியும். நானும் உடுப்புப் பையைக் கட்டித் தலைமாட்டில வைச்சுக்கொண்டுதான் இத்தினை வருசமும் படுத்தனான். இஞ்ச வந்தாப்பிறகுதான் அவிட்டனான்.” கையை நீட்டினார். “திறப்பைத் தா. கெதியா ஏறு.”

இவர் கார்ச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். ஓட்டோவில் ஏறி என் பக்கத்தில் இருந்தவரின் கை குளிர்ந்துபோய் இருந்தது. துறைமுகம் வரைக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். எங்கள் இனத்தில் ஓட்டோவுக்குள் கை பிடிக்கிற வழக்கம் இல்லை. ஓட்டோக்காரர் பார்த்தால் பார்க்கட்டும்.

கடைசி ஆட்களாகத்தான் உள்ளே போனோம். பையைச் சோதித்த பெண் என் சட்டையையும் ஒரு மாதிரிப் பார்த்தார். கப்பல் அசையத் தொடங்கியதும் நான் சின்னப் பிள்ளை மாதிரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தண்ணீர் அப்படி ஒரு நீலம். யாரும் துரத்தவில்லை, யாரையும் தேடிப் போகவும் இல்லை. என் மேல் எரு மணத்தது. நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

இவர் மட்டும் கரைப் பக்கம் பார்த்தபடி நின்றார். கரை மெலிந்து, பனைகள் தெரியாமல் போகிற நேரம் கைபேசி சிணுங்கியது. அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தார். எங்கள் கார். அதன் முன்பக்கத்து மூடியில் ஒரு பனையோலைப் பாய். பாய் நிறைய வேப்பம்பூ வடகம், உருட்டித் தட்டி வரிசையாக. காகத்துக்குப் பயம் காட்ட, வைப்பரில் ஒரு கறுப்புக் குடைத்துணி கட்டியிருந்தது. பின்னாலேயே அவர் குரலும் வந்தது.

“தம்பி, கோவிக்காதை. வாழைக் கிடங்கடியில நிலம் ஈரமாக் கிடக்குது. காரின்ர முகம் குசினிக்குப் பக்கத்தில நல்ல வசதி. முன்னுக்கு மட்டும்தான் வெயில் படுது. உது காய இன்னும் மூண்டு நாலு வெயில் வேணும். நான் இதிலயே கதிரையைப் போட்டு இருக்கிறன்.”

இவர் ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். நேற்றுப் பிறந்த கன்றுக்குட்டியின் மேல் வடகம்! முகத்தைப் பார்த்தேன். உதடு ஒருபக்கம் கோணியது. பிறகு சிரித்தார். சின்னச் சிரிப்பு இல்லை, கம்பியைப் பிடித்துக் குனிந்து, கண்ணில் தண்ணீர் வர, கப்பலில் நாலு பேர் திரும்பிப் பார்க்கிற சிரிப்பு.

பக்கத்தில் நின்ற நாகப்பட்டினத்துப் பெரியவர் ஒருவர், “என்னங்க விசேஷம்?” என்று கேட்டார். இவர் கைபேசியை அவரிடம் நீட்டினார்.

“எங்கட கார்” என்றார். “அக்கா வீட்டில விட்டிட்டு வாறம். திரும்பி வரேக்க எடுப்பம்.”

குடையைக் கடையில் வைத்துவிட்டு வந்தவர் மாதிரி, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பெரியவர் படத்தைப் பெரிதாக்கி, கார் எது என்று பாராமல், வடகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.