முடி வெட்டியது யார்?

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது முடி வெட்டிக்கொள்ளப் போன இடத்தில். நார்வேயின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் மீன்பிடி ஊரில் ஒரே சலூன்தான், ஸ்டைனாருடையது. கழுத்தில் துணியைக் கட்டிவிட்டுப் பேச ஆரம்பித்தால் எழுந்து எங்கே போவது?

'மே மாதத்து இளவெயிலில்...' என்று எழுதத் தொடங்கி, அந்த வரியை அடித்துவிட்டேன். வெயில் இருந்ததாக ஸ்டைனார் சொல்லவில்லை.

2

டோருன் ஐந்தாம் வகுப்புக்கு வரலாறு எடுப்பவள். 1945 மே மாதம் ஜெர்மன் படை சரணடைந்து நாடு விடுதலையான நாள்தான் அன்றைய பாடம். கொடி, பாட்டு, நடனம் எல்லாம் புத்தகத்தில் இருந்தன. இல்லாததையும் அவள் சொன்னாள்: ஜெர்மன் சிப்பாய்களைக் காதலித்த பெண்களை அதே வாரம் சந்தையில் நிறுத்தி மொட்டையடித்தார்கள்.

"யாரு அடிச்சாங்க, டோருன்? ஜெர்மன்காரங்களா?" என்றாள் இல்வா என்ற மாணவி. எங்கள் ஊரில் ஆசிரியரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

"இல்ல. நம்ம ஊர்க்காரங்கதான்."

"எங்க கொள்ளுத்தாத்தாதான் அப்போ சலூன் வச்சிருந்தாரு!" என்றான் ஸ்டைனாரின் மகன் சிண்ட்ரே, பெருமையாக. சொல்லி முடித்த பிறகுதான் அவன் முகம்...

(இங்கே ஓர் உவமை வைத்திருந்தேன். பத்து வயது முகம் அதைத் தாங்காது.)

3

மறுநாள் ஸ்டைனார் பள்ளிக்கு வந்தான். கோபக்காரனாக எழுதிப் பார்த்தேன்; ஒட்டவில்லை. தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றானாம்.

"பையன் எங்கிட்ட முடி வெட்டிக்க மாட்டேங்கிறான், டோருன்."

டோருனுக்குச் சிரிப்பு வந்தது. அவன் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"உங்க தாத்தாதான் வெட்டினாரா?"

"ஆமா. எங்கப்பா சொல்லியிருக்காரு. மிரட்டித்தான் வெட்ட வச்சாங்கன்னு வகுப்புல சொல்லிடுங்களேன்."

"மிரட்டினாங்களா?"

"தெரியாது."

ஒரே ஒரு வரி. சொன்னால் ஒரு குழந்தை நிம்மதியாகத் தூங்கும். டோருனுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

"தெரியாததைத் தெரியாதுன்னுதான் என்னால சொல்ல முடியும், ஸ்டைனார்."

"அப்போ என் பையன் கதி?"

"நீங்களே வந்து பேசுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

4

வந்தான். தெரிந்ததைச் சொன்னான். 'மிரட்டினாங்களான்னு எனக்குத் தெரியாது' என்பதையும் சொன்னான். சிண்ட்ரே மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்வா கை தூக்கினாள்.

"நீங்களா இருந்தா வெட்டியிருப்பீங்களா?"

ஸ்டைனாருக்காகப் பதில்கள் எழுதிப் பார்த்தேன். 'மாட்டேன்' என்றால் பொய்போல் இருக்கிறது. 'வெட்டியிருப்பேன்' என்று எழுதக் கை வரவில்லை. அவனை எனக்குப் பிடிக்கும். 'அந்தக் காலத்து நிலைமை வேற' என்று ஆரம்பித்தால் டோருன் என் முகத்தில் விழிக்க மாட்டாள்.

அவன் வாய் திறப்பதற்குள் சிண்ட்ரே எழுந்து, தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளினான்.

"உக்காந்து யோசிங்கப்பா."

ஸ்டைனார் உட்கார்ந்தான். அதற்குமேல் அவன் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இல்வா இன்னும் கையை இறக்கவில்லை. நீங்கள் வேண்டுமானால் பதில் சொல்லுங்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், பார்த்துச் சொல்லுங்கள்.