மூன்றாவது கைக்கு ஒரு பாக்கெட்

எட்டு வருடம் அண்ணனின் தையல் கடையில் காஜா எடுத்தேன், பட்டன் வைத்தேன், ஓரம் அடித்தேன். கத்தரியை மட்டும் தொட விடமாட்டான். அவன் கோட் வெட்டும்போது எட்டிப் பார்த்தால், "வெளிச்சத்தை மறைக்காதே, தள்ளி நில்லு" என்பான். வக்கீல்களுக்குக் கோட் தைக்கிறவன் அல்லவா, தலைக்கனம் கொஞ்சம் கூடுதல். ஒருநாள் சண்டை போட்டுக்கொண்டு டி.வி. நிலையத்தின் உடையறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

அங்கே வெள்ளிக்கிழமைதோறும் ஒரு சிரிப்பு நிகழ்ச்சி எடுப்பார்கள். தலையும் இல்லாத வாலும் இல்லாத குட்டி நாடகங்கள். தன் நிழல் மேல் புகார் கொடுக்கிறவர், மீனுக்கு நீச்சல் சொல்லித்தரும் வாத்தியார், இப்படி. "கோமாளிக்குத் துணி தைக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்றான் அண்ணன். கடைக்கு வருகிறவர்களிடம், "தங்கச்சி ஏதோ ஆபீஸ்ல இருக்கா" என்று சொல்லிவைத்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு வாரம் இப்படி ஒரு நாடகம் வந்தது. மூன்று கை உள்ள ஒருவன் வேலை கேட்டு வருகிறான். அதிகாரி அந்த மூன்றாவது கையைக் கண்டுகொள்வதே இல்லை. தலை சீவியது சரியில்லை, கையெழுத்து கோணல் என்றெல்லாம் திட்டித் தீர்க்கிறார். அவ்வளவுதான் கதை. ஒல்லி என்று நாங்கள் கூப்பிடும் நடிகர் நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, கோட்டின் முதுகில் விட்ட பிளவு வழியாகத் தன் கையை நுழைக்க வேண்டும்.

"பச்சையும் மஞ்சளுமா தைங்கம்மா, பட்டன் தட்டு மாதிரி இருக்கட்டும்" என்றார் இயக்குநர். "பார்த்ததும் சிரிப்பு வரணும்."

"கோட்டே சிரிச்சுட்டா ஜனங்க எதுக்குச் சிரிக்கணும்? மூணு கையோட பொறந்தவன் வேலை கேட்டுப் போறப்போ எதைப் போடுவான்? இருக்கிறதுலயே நல்ல கோட்டைத்தான் போடுவான்."

"சிரிப்பு வரலைன்னா?"

"நான் வந்த வழியே போயிடறேன்."

வாய் சொல்லிவிட்டது. வந்த வழி என்றால் அண்ணன் கடைதான், மறுபடி காஜாதான்.

சாம்பல் நிறத் துணி எடுத்தேன். வெட்ட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எட்டு வருடம் ஓரக்கண்ணால் பார்த்ததுதான். இரண்டு துணி வீணாயிற்று. இடது அக்குளுக்குக் கீழே இன்னொரு கை ஏற வேண்டும், அதைத் தூக்கினால் மார்பில் சுருக்கம் விழக்கூடாது. கையை நீட்டு, மடக்கு என்று ஒல்லியின் உயிரை வாங்கினேன். எல்லாம் முடிந்து மாட்டிப் பார்த்தால் என்னவோ குறைந்தது. பிறகுதான் உறைத்தது. மூன்று கை இருக்கிறவனுக்கு இரண்டு பாக்கெட் எப்படிப் போதும்? இடுப்புக்கு மேலே இன்னொன்று வைத்தேன், மூடியோடு, உள்துணியோடு. யாரும் கேட்கவில்லை, நானும் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை எதிரே நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நிமிடம் ஆகியும் ஒரு சிரிப்பு இல்லை. இயக்குநர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் ஈயாடவில்லை.

"பொறுப்பா உட்காரத் தெரியாதா உங்களுக்கு?" என்று அதட்டினார் அதிகாரியாக நடித்தவர். இரண்டு கைகள் அடக்கமாக மடிக்குப் போயின. மூன்றாவது கைக்கு என்ன செய்வதென்று யாரும் எழுதிவைக்கவில்லை. அது கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. கோட்டைத் தடவியது. பாக்கெட் தட்டுப்பட்டது. மூடியைத் தூக்கிக்கொண்டு, பதவிசாக, உள்ளே போய் அடங்கிவிட்டது.

மூன்றாம் வரிசையில் ஓர் அம்மா வெடித்தார். அப்புறம் அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. அதிகாரி சிரிப்பை மறைக்க மேசைக்கடியில் இல்லாத பேனாவைத் தேடினார். எனக்கு அழுகை வந்தது. பெருமையில் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஞாயிறு மாலை நிகழ்ச்சி வரும் நேரத்துக்கு, வேண்டுமென்றே, அண்ணன் கடையில் போய் உட்கார்ந்து டி.வி.யைப் போட்டேன். அளவு பார்க்க வந்திருந்த இரண்டு வக்கீல்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. டி.வி.க்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றுகொண்டான்.

"இந்தக் கோட்டெல்லாம் யாருங்க தைக்கிறாங்க?" என்று கண்ணைத் துடைத்தபடி ஒரு வக்கீல் கேட்டார்.

"என் தங்கச்சி" என்றான் அண்ணன், திரும்பாமலே. "அங்க பாருங்க, கையைத் தூக்கறான். நெஞ்சுல ஒரு சுருக்கம் விழுதா?"

அப்புறம் என்னைப் பார்த்தான். "பாக்கெட் யார் வைக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. கைன்னு ஒண்ணு இருந்தா பாக்கெட் வேணாமா?"

"வேணும்தான்" என்றான், நன்றாக யோசித்து.

வக்கீல்கள் கிளம்பியதும் வெட்டும் மேசையைத் துடைத்தான். பழுப்புத் தாளை விரித்தான். கத்தரியை எடுத்து, பிடி என் பக்கம் வரும்படி நீட்டினான்.

"அந்த மூணாவது அக்குளை எப்படி வெட்டின? ஒரு தடவை காட்டு."

வாங்கிக்கொண்டேன். அவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"வெளிச்சத்தை மறைக்காதேண்ணா, தள்ளி நில்லு" என்றேன்.

அண்ணன் தள்ளி நின்றான்.