முப்பது குழி

காசிநாதனுக்குக் குழி என்றால் சுண்ணாம்புக் குழிதான். ஆம்பூருக்கு வெளியே முனீர் அகமதுவின் டேனரியில் பாதி ஆயுசை அவன் அதில்தான் கழித்தான். பச்சைத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். நீளக் கழியால் புரட்ட வேண்டும். மயிர் கழன்றதும் மேலே இழுத்துப் போட வேண்டும். தண்ணீர் குடித்த மாட்டுத்தோல் ஒன்று ஓர் ஆள் கனம் கனக்கும். காலுக்குப் பூட்ஸ் கொடுப்பார்கள். சுண்ணாம்பு பூட்ஸுக்குள்ளும் வரும். ஐம்பத்தைந்து வயதில் அவன் பாதங்கள் வெடித்த வயல் மாதிரி இருந்தன. மாதிரிதான், வயல் இல்லை. அதனால் வேலையிலிருந்து நின்று, கைக்கு வந்த பணத்தில் ஊர் ஏரிக்கரையை ஒட்டி முப்பது குழி நிலம் வாங்கினான்.

இது வேறு குழி. இந்தப் பக்கத்தில் பழைய ஆட்கள் நிலத்தைக் குழிக்கணக்கில்தான் சொல்வார்கள். இருபத்து நாலு அடிக்கு இருபத்து நாலு அடி ஒரு குழி. முப்பது குழி என்றால் கிட்டத்தட்ட நாற்பது சென்ட். காசிநாதனின் அப்பா பிறத்தியார் நிலத்தில் குழிக்கணக்கில் களை எடுத்தவர். பையன் அந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, வரப்பில் படித்தான்.

வேலையை விட்ட அன்று முனீர் அகமது எல்லோருக்கும் பிரியாணி போட்டார். "காசி இனிமே விவசாயி. நம்மள எல்லாம் மறந்துடுவான்" என்றார். "இனி அந்தக் குழியில எறங்க மாட்டேன் பாய்" என்றான் காசிநாதன். எல்லோரும் கைதட்டினார்கள்.

முதல் போகம் வேர்க்கடலை. அது காய் பிடிக்கும் நேரத்தில் அந்த வருஷத்து நவம்பர் வந்தது. பாலாற்றில் தண்ணீர் வந்தது என்றால் ஜனங்கள் பாலத்தில் நின்று போட்டோ எடுப்பார்கள், அவ்வளவு அபூர்வம். அந்த வருஷம் போட்டோ எடுக்கப் பாலத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை, தண்ணீரே வீட்டுக்கு வந்தது. ஏரி நிரம்பி, ஒரு காலையில் கரை அரிபட ஆரம்பித்தது. கரைக்குக் கீழே காலனி. அதில் காசிநாதனின் வீடும் ஒன்று.

இன்ஜினியர் ஜேசிபியோடு வந்தார். லாரி வர ரோடு இல்லை, மண் எங்கே என்று சுற்றிப் பார்த்தார். காசிநாதனின் நிலம் கரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது.

"பெரியவரே, எமர்ஜென்சி. உங்க மண்ண எடுத்துக்கறோம். கவர்மென்ட் நஷ்டஈடு குடுக்கும்."

"எட்த்துக்கோங்க சார். என் வூடும் கீழதான் கீது."

எடுத்துக்கொண்டார்கள். கடலைச் செடியோடு எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் கரை அடைபட்டது. காலனி தப்பியது. காசிநாதனின் முப்பது குழியும் ஆள் உயரத்துக்கு மேல் ஒரே பள்ளமாகி, மறுநாள் மழையில் தண்ணீர் நிறைந்து, மூன்றாம் நாள் தவளை வந்தது. இன்ஜினியர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்புறம் காட்பாடிப் பக்கம் மாற்றலாகிப் போய்விட்டார்.

நஷ்டஈட்டுக்கு மனு எழுத வேண்டும். கம்ப்யூட்டர் சென்டரில் இருந்த பெண், "சொல்லுங்க, அப்படியே அடிக்கறேன்" என்றாள். அவன் சொன்னான். அவள் அப்படியே அடித்தாள்: "ஏரிக்கரை உடைப்பை அடைப்பதற்காக எனது நிலத்தில் முப்பது குழி எடுத்துவிட்டார்கள்."

தப்பு அந்த இடத்தில்தான் நடந்தது. அப்போது யாருக்கும் தெரியவில்லை.

மனுவை விசாரிக்க வருவாய் ஆய்வாளர் கோதண்டபாணி வந்தார். கோயம்புத்தூர்க்காரர், இந்தப் பக்கம் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. நல்ல மனுஷன், வெயிலில் நடந்தே வந்தார். பள்ளத்தின் ஓரத்தில் நின்று மனுவைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், சுற்றிலும் பார்த்தார்.

"ஏனுங்க, முப்பது குழின்னு எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார், முப்பதுதான்."

"இங்க ஒண்ணுதானுங்களே இருக்குது? மத்த இருபத்தொன்பது எங்கீங்க?"

காசிநாதனுக்குக் கேள்வி புரியவில்லை. மீதி நிலம் எங்கே என்று கேட்கிறார் போல என்று நினைத்துக்கொண்டான். "எல்லாம் இதுக்குள்ளதான் சார் கீது."

"ஒரு குழிக்குள்ள இருபத்தொன்பது குழியா?"

"முப்பதும் சேந்துதான் சார் இது."

கோதண்டபாணி குடையை மடக்கினார். தவளை கத்தியது. "நானு கண்ணால பார்க்கறதத்தானுங்க எழுத முடியும். நான் பார்க்கறது ஒரு குழி. சரிதானுங்களே?"

காசிநாதன் பள்ளத்தைப் பார்த்தான். ஒன்றுதான். அதை ரெண்டு என்று எப்படிச் சொல்வது?

"ஒண்ணுதான் சார். ஆனா பெருசு."

"அதெல்லாம் மேல பார்த்துக்குவாங்க." கோதண்டபாணி எழுதினார்: "மனுதாரர் முப்பது குழி எனத் தெரிவித்துள்ளார். தணிக்கையில் ஒரு குழி மட்டுமே காணப்பட்டது. மனுதாரரும் ஒப்புக்கொண்டார்." காசிநாதன் கையெழுத்துப் போட்டான். குடிக்கத் தண்ணீர் கொடுத்தான். ரெண்டு பேரும் சந்தோஷமாகத்தான் பிரிந்தார்கள்.

அறிக்கை தாலுகா ஆபீசுக்குப் போனது. அங்கே இருந்த சர்வேயர் இதே பக்கத்து ஆள், ரிட்டயர் ஆகப் போகிறவர். அவருக்குக் குழி என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். அறிக்கையில் ஒரு குழி என்று இருந்தது. ஒரு குழிக்கு எத்தனை சதுர அடி என்று தப்பில்லாமல் போட்டு, ஒரு குழிக்கான நஷ்டஈட்டைக் கணக்குப் பார்த்து மேலே அனுப்பினார்.

உத்தரவு வந்த அன்று அவன் மனைவி சுந்தரி ஷூ கம்பெனியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். மேல்தோல் தைக்கிற லைனில் வேலை. நின்றுகொண்டே வாசித்தாள், வாசித்துவிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னாய்யா இது? ஒரு குழிக்குக் குட்த்துக்கீறான்."

"முப்பது போட்டிருக்கும், நல்லாப் பாரு."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான் கீது. ஒண்ணு. நீ ஒத்துக்கினன்னு போட்டுக்கீது. ஒத்துக்கினியா?"

"அவரு கேட்டது பள்ளம். பள்ளம் ஒண்ணுதான?"

"மனுவுல கேட்டது நெலம்."

"ஆமா."

"ரெண்டுக்கும் ஒரே பேர வெச்சிக்கினு பேஜார் பண்ணிட்ட."

"நானா வெச்சேன்?"

அந்தப் பணத்தில் டிப்பர் மண் கொஞ்சம் வரும். பள்ளத்துக்கு எத்தனை டிப்பர் ஆகும் என்று சுந்தரி கணக்குப் போடவில்லை, போட்டால் ராத்திரி சோறு இறங்காது. மண் கொண்டுவந்து கொட்டவும் அனுமதி வாங்க வேண்டுமாம். அவனுடைய மண்ணை எடுத்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை, அவர்களுடையது எமர்ஜென்சி.

இரண்டாவது மனுவைச் சுந்தரியே சொல்லி அடிக்க வைத்தாள். குழி என்ற சொல் ஓரிடத்தில்கூட வரக் கூடாது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டாள். நிலத்துக்கு சென்ட், தோண்டியதற்குப் பள்ளம். பதில் சீக்கிரமே வந்தது. "தங்களது முதல் மனுவில் பள்ளம் குறித்து எதுவும் குறிப்பிடப்படவில்லை. எனவே இது புதிய கோரிக்கையாகக் கருதப்படுகிறது. வெள்ள நிவாரணக் கோரிக்கைகளுக்கான காலக்கெடு முடிந்துவிட்டது."

சுந்தரி அதை மடித்து, அடுப்பு மேடையில் உப்பு ஜாடிக்குக் கீழே வைத்தாள். காசிநாதன் டேனரிக்குப் போனான்.

"இன்னா காசி, விவசாயம் எப்படி?" என்றார் முனீர் அகமது.

"தண்ணி ஜாஸ்தி பாய்."

அவர் மூலையைக் காட்டினார். பழைய பூட்ஸ் ஒரு ஜோடி கிடந்தது. அதை எடுத்துப் போட்டுக்கொண்டு அவன் சுண்ணாம்புக் குழிக்கு இறங்கினான். இடது பூட்ஸ் ஓட்டை.

அடுத்த மழைக்காலத்தில் அதே கரை வேறொரு இடத்தில் கசிந்தது. காலை ஷிப்டுக்கு டிவிஎஸ் வண்டியில் போய்க்கொண்டிருந்த காசிநாதன் தன் நிலத்துக்குப் பக்கத்தில் ஜேசிபி நிற்பதைப் பார்த்தான். பள்ளத்தின் ஓரத்தில் புது இன்ஜினியர் பூவரசன் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இளவயசு, சட்டையெல்லாம் சேறு.

"இது யார் நிலம்?"

"என்னுதுதான் சார்."

"அப்பாடா. போன வருஷம் இங்கதான் மண்ணு எடுத்திருக்காங்க. முப்பது குழியில ஒரு குழிதான் எடுத்ததா ரெக்கார்டு. மீதி இருபத்தொம்பது குழி மண்ண இப்ப எடுத்துக்கச் சொல்லி ஆர்டர். எங்க அது?"

காசிநாதன் வண்டியை விட்டு இறங்காமலே தண்ணீரைக் காட்டினான்.

"அங்கதான் சார். எட்த்துக்கோங்க. போன வருஷமும் நான் வாணாம்னு சொல்லல."

ஜேசிபி டிரைவர் எட்டிப் பார்த்தான். "சார், மீனு வேணா எடுக்கலாம்."

பூவரசனுக்குச் சிரிப்பு வரவில்லை. மேலதிகாரிக்குப் போன் போட்டார். சார், இங்க மண்ணு இல்ல சார். இல்ல சார், ரெக்கார்டுல இருக்கு, இங்க இல்ல. வேற எடத்துல எடுத்துக்கலாமா சார்? போனை வைத்துவிட்டு, "இங்க ஏன் எடுக்கலன்னு ரிப்போர்ட் வேணுமாம், இல்லன்னா வேற எடத்துக்கு ஆர்டர் மாத்த முடியாதாம்" என்றார். கரையில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது.

டேப் பிடித்து நாலு பக்கமும் அளந்தார்கள். டிரைவர் ஒரு முனையைப் பிடித்தான், இன்னொரு முனையைக் காசிநாதன் பிடித்தான். ஆழத்துக்குச் சவுக்குக் கழியை விட்டுப் பார்த்தார்கள், கழி மூழ்கியது. பூவரசன் ஜீப் பானெட்டின் மேல் தாளை வைத்து, மழை படாமல் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே வாய்விட்டுச் சொன்னார்.

"சென்ற ஆண்டே இந்நிலம் முழுவதும் மண் எடுக்கப்பட்டு, முப்பது குழியும் தற்போது பெரிய குழியாக..."

காசிநாதன் ஓடினான். அந்தக் காலோடு அவன் ஓடியதை அந்த வருஷத்தில் யாரும் பார்த்ததில்லை.

"ஐயோ சார்! அந்த வார்த்த மட்டும் வாணாம் சார்! அட்ச்சிடுங்க!"

"எந்த வார்த்த?"

"அதான் சார். நாப்பது சென்ட்டுன்னு போடுங்க. மொத்தமும் பள்ளம்னு போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

பூவரசன் அவனை ஒரு மாதிரி பார்த்தார். எழுதியதை அடித்தார். நாற்பது சென்ட் என்று போட்டார், பள்ளம் என்று போட்டார், மண் இல்லை என்று போட்டு, கையெழுத்தும் சீலும் வைத்தார்.

"எனக்கும் ஒண்ணு குடு சார்."

"உங்களுக்கு எதுக்கு?"

"நான் சொன்னா எழுதிக் கேக்கறாங்க. எழுதினா வேற மாதிரி படிக்கறாங்க. நீங்க எழுதினது கையில இருந்தா தேவலாம்."

கரை அவசரம். பூவரசன் இன்னொரு தாளில் அதையே எழுதிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். காசிநாதன் தாளை நாலாக மடித்து டிபன் கேரியரின் மேல்தட்டில் வைத்து மூடினான். அன்றைக்கு அதில் இருக்க வேண்டிய பொரியலைக் கையில் வைத்தே தின்றுவிட்டான்.

டேனரி வாசலில் முனீர் அகமது நின்றிருந்தார்.

"இன்னா காசி, லேட்டு?"

"நெலத்துல மண்ணு இல்லன்னு எழுதி வாங்கினு வர்றேன் பாய்."

"இல்லாததுக்கா எழுதி வாங்குன?"

"இல்லன்னாதான் பாய் காசு."

அவர் யோசித்துப் பார்த்தார். "அப்ப திரும்பியும் விவசாயியா? எப்ப நிக்கப் போற? அடுத்த மாசமா?"

காசிநாதன் இடது பூட்ஸைக் கையில் எடுத்து, ஓட்டைக்குள் விரலை விட்டு அவருக்குக் காட்டினான்.

"பூட்ஸு புதுசா ஒரு ஜோடி குடுங்க பாய்" என்றான்.